பெட்டிக்குள்ளிருந்து வந்த கண்ணீர்

தன் சாவுக்கு யார் யார் வந்தார்கள், யார் ஒப்புக்கு அழுதார்கள், யார் நெஞ்சு வெடிக்க அழுதார்கள் என்று சொல்லக்கூடிய ஆள் காரைக்காலில் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். தலத்தெருவில் தையல் கடை வைத்திருக்கும் ஞானசௌந்தரி.

அந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது, தேவையும் இல்லை. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பாரீஸிலிருந்து லீவுக்கு வந்து இறங்கும் குடும்பங்கள் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே இங்கே அளவு கொடுக்க ஆள் அனுப்பிவிடும். மாதா கோயிலில் முதல்முதலாகப் புதுநன்மை வாங்கும் பிள்ளைகளின் வெள்ளை கவுன், கல்யாணப் பெண்ணின் கவுன், அதற்கு மேலே போடும் வலை என்று எல்லாம் சௌந்தரியின் கை வேலைதான். இப்போது கடையில் நான்கு பெண்கள் மெஷின் போடுகிறார்கள். ஆனால் கவுன் கழுத்தில் மடிப்பு மடிப்பாக வைக்கும் கழுத்துச் சுருக்கை மட்டும் இன்றைக்கும் யாரையும் தொட விடமாட்டார்.

அவர் கணவர் அந்தோணிமுத்து. ஐஸ் கம்பெனியில் ஐஸ் பாளம் சுமந்து தொடங்கியவர், இன்று சொந்தமாக ஐஸ் டிப்போ வைத்திருக்கிறார். கிளிஞ்சல்மேட்டு மீன்பிடிப் படகுகளில் பாதிக்கு இவருடைய வேனிலிருந்துதான் ஐஸ் இறங்கும். நல்ல உழைப்பாளி, பேச்சிலும் சுத்தம். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் முப்பது வருஷமாக ஊருக்கு ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டு வந்தார். அது பொய் என்பது சௌந்தரிக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தப் பொய்க்கு விதை போட்டது ஒரு தொலைக்காட்சித் தொடர். வீட்டுக்கு வீடு ஒரே சேனல் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் 'சனி மாலைச் சித்திரங்கள்' என்று ஒன்று வந்தது. வாரம் ஒரு கதை, வாரம் ஒரு ஊர், வாரம் புது முகங்கள். முக்கால்வாசிக் கதைகள் அழுகைக் கதைகள்தான். அதிலும் காரைக்காலில் வந்து எடுத்த கதை இருக்கிறதே, அது அழுகைக்கெல்லாம் பெரியண்ணன். தெரேஸ் என்று ஒரு பெண். அவளை நிச்சயம் செய்துவிட்டு மாப்பிள்ளை பாரீஸுக்குப் போகிறான். கடிதம் இல்லை, தகவல் இல்லை. தெரேஸ் தினமும் ஜன்னலில் விளக்கேற்றி வைக்கிறாள், இருமுகிறாள், மெலிகிறாள், செத்துப்போகிறாள். அவளைப் பெட்டியில் வைத்துக் மாதா கோயிலுக்குக் கொண்டுவந்திருக்கும் நேரம் பார்த்து மாப்பிள்ளை கல்யாண கவுனோடு டாக்ஸியில் வந்து இறங்குகிறான். அந்த நொடியில் மழையும் கொட்டுகிறது. மழைக்கு மேலே வயலின். இதற்கு மேலும் அழவைக்க வேண்டுமென்றால் டைரக்டரே டிவிப் பெட்டிக்குள்ளிருந்து கையை நீட்டிக் கிள்ளியிருக்க வேண்டும்.

சாவுக் காட்சி எடுக்கும் நாளில் ஒரு சிக்கல் வந்தது. தெரேஸாக நடித்த சென்னைப் பெண் சவப்பெட்டியில் படுக்க ஒத்துக்கொண்டாள், ஆனால் அவள் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. வாழ வேண்டிய பிள்ளையைப் பெட்டியில் படுக்க வைக்க முடியாது என்று ஒரே பிடிவாதம். டைரக்டர் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, தெரேஸுக்குப் போட வேண்டிய வெள்ளை கவுனை எடுத்துக்கொண்டு சௌந்தரி வந்தார். அப்போது அவருக்கு இருபத்து மூன்று வயது, வேறொருவர் கடையில் தையல் வேலை. அளவுச் சீட்டு மட்டும்தான் சென்னையிலிருந்து வந்திருந்தது. அந்த அளவு தன் உடம்புக்கும் சரியாக இருந்ததால், கவுனைத் தனக்கே போட்டுப் பார்த்துத்தான் தைத்திருந்தார். இது தெரிந்ததும் டைரக்டருக்கு மூச்சு வந்தது. முகத்தில் வலையைப் போட்டுவிட்டால் யாருக்கும் ஆள் தெரியாது, நீயே படுத்துவிடேன் என்று கேட்டார்.

சௌந்தரி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்.

"கழுத்துச் சுருக்கு டிவியில தெரியுமா சார்?"

நன்றாகத் தெரியும் என்றார் டைரக்டர். சௌந்தரி பெட்டியில் ஏறிப் படுத்துவிட்டார்.

இந்த இடத்தில் ஊர் வழக்கம் இரண்டைச் சொல்ல வேண்டும். கோயிலில் துக்க மணி அடித்தால், யாருக்கு என்று விசாரிக்காமல்கூட கை வேலையைப் போட்டுவிட்டு வந்து ஒரு நிமிஷம் நிற்பது எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கர்களின் பழக்கம். செவ்வாய்க்கிழமை அடிக்கப்போவது ஷூட்டிங் மணிதான், யாரும் பதற வேண்டாம் என்று ஞாயிறு பூசையிலேயே சாமியார் சொல்லிவிட்டார். ஆனால் அந்தோணிமுத்து அந்த ஞாயிறு பூசைக்கு வரவில்லை, ஐஸ் கம்பெனியில் கிடந்தார். இன்னொரு வழக்கம், பாரீஸில் இருக்கும் சொந்தங்கள் சாவுக்கு வந்து சேர முடியாது என்பதால், வசதியுள்ள குடும்பங்கள் அடக்கத்தை வீடியோ எடுத்துக் கேசட்டை அனுப்பிவைக்கும். சவப்பெட்டியைச் சுற்றி லைட்டும் கேமராவும் நின்றால் வேறு ஊர்க்காரன் ஷூட்டிங் என்று நினைப்பான். காரைக்கால்காரன் சாவு என்றுதான் நினைப்பான்.

மணி கேட்டுத் தோளில் ஐஸ் சுமக்கும் ஈரக் கோணியோடு அப்படியே உள்ளே வந்த அந்தோணிமுத்துவும் அதைத்தான் நினைத்தார். யாரோ பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பெரியவர் என்று எண்ணிக்கொண்டு பெட்டியருகே போய்ப் பார்த்தால், வலைக்கு அடியில் சௌந்தரி. மற்றவர்களுக்கு ஆள் தெரியாது. அந்த முகத்தை தையல் கடை ஜன்னல் வழியாகத் தினமும் பார்த்துவிட்டுப் போகிறவனுக்குத் தெரியாதா?

அப்படியே முழங்காலில் விழுந்தார். பெட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகையில் லைட் பிடித்திருந்த ஆளே தடுமாறிப் போனானாம். டைரக்டர் கேமராவை நிறுத்தச் சொல்லவில்லை. இப்படி ஓர் ஆளை யார் கூட்டிவந்தது என்றும் கேட்கவில்லை.

கண்ணை மூடிக் கிடந்த சௌந்தரிக்கு முதலில் குரல் யாருடையதென்று பிடிபடவில்லை. ஐஸ் வாடையும் ஈரக் கோணி வாடையும் வந்தபோது பிடிபட்டது. வாரத்துக்கு ஒரு சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து, பட்டன் அறுந்துவிட்டது என்று தலையைச் சொறிந்தபடி நிற்கும் ஐஸ் கம்பெனி ஆள். இவ்வளவு அஜாக்கிரதையான மனுஷனா என்று அவரைப் பார்த்துப் பலமுறை அலுத்துக்கொண்டதுண்டு. அந்த ஆள் இப்போது காதோரம் குனிந்து அழுகைக்கு நடுவே சொன்னார்.

"சௌந்தரி, பட்டனெல்லாம் தானா அறுந்து விழலை. நானாத்தான் பிச்சேன். எல்லாத்தையும் நானாத்தான் பிச்சேன்."

பிணமாகக் கிடக்க வேண்டிய சௌந்தரியின் மூடிய கண்ணிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் புறப்பட்டு, வலைக்கு அடியில் ஓடி, காதுக்குள் போய் விழுந்தது. காது குறுகுறுத்தது. அதற்கு மேல் தாங்க முடியாமல் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

அந்தோணிமுத்து கோணியை அங்கேயே போட்டுவிட்டு ஓடினார். அரசலாற்றுப் பாலத்துக்குப் போய்த்தான் நின்றார் என்று சொல்வார்கள்.

மறுநாள் ஐஸ் கம்பெனியில் அவரைச் சும்மா விட்டார்களா? உயிரோடு இருக்கும் பொம்பளைக்கு மாரடித்தவன் என்று பாளத்துக்குப் பாளம் கேலி. மானத்தைக் காப்பாற்ற மனுஷன் வாய்க்கு வந்ததைச் சொன்னார். டைரக்டர்தான் வரச்சொன்னார், அழச்சொன்னார், நான் நடித்தேன், அவ்வளவுதான். சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை அது டிவியில் வந்தபோது ஊரே வாயைப் பிளந்தது. கேலி செய்தவர்களே கை கொடுத்தார்கள். அன்றிலிருந்து அவர் பெயர் நடிகர் அந்தோணிமுத்து. வருஷா வருஷம் தவக்காலம் வந்தால் ஏசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடகத்துக்கு அழைப்பு வரும், இவரும் வருஷா வருஷம் ஒரு காரணம் சொல்லித் தப்பிப்பார். ஒரே ஒரு முறை மாட்டிக்கொண்டு ரோமைச் சிப்பாயாக ஈட்டி பிடித்து நின்றவர், சிலுவையில் அறையும் கல்வாரிக் காட்சி வருவதற்குள் நின்றபடியே தூங்கிவிட்டார்.

காட்சியில் அவர் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. அந்த இடத்தில் வயலினை அவ்வளவு சத்தமாகப் போட்டிருந்தார்கள்.

ஒரு வாரம் கழித்து, பட்டனெல்லாம் சரியாக இருந்த சட்டையோடு கடை வாசலில் வந்து நின்றவரிடம் சௌந்தரி அந்தப் பேச்சை எடுத்தார். அதெல்லாம் டைரக்டர் சொல்லிக் கொடுத்த வசனம் என்று தரையைப் பார்த்தார் அவர்.

"டைரக்டருக்கு எங்க கடை பட்டன் எப்படிங்க தெரியும்?"

அவர் மெல்ல நழுவிவிட்டார். பதில் இல்லாமலேயே பெண் கேட்டு ஆள் வந்தது, கோயிலில் கல்யாண ஓலை வாசித்தார்கள், கல்யாணம் நடந்தது, மகள் ஜோவிதா பிறந்தாள், டிப்போ வந்தது. சௌந்தரி பிறகு அதைத் தோண்டிக் கேட்கவே இல்லை. ஆனால் மனசுக்குள் ஒரு ஆசை உட்கார்ந்திருந்தது. பெட்டிக்குள் கிடந்தபோது கேட்டதை, எழுந்து உட்கார்ந்திருக்கும்போது அந்த மனுஷன் வாயால் ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். அவ்வளவுதான்.

போன வருஷம் அந்தப் பழைய சித்திரத்தை யாரோ இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். சென்னையில் ரஞ்சித்குமார் என்று ஒரு பையன், பழைய டிவி நாடகங்களைப் பார்த்துக் கலாய்க்கிற சேனல் நடத்துகிறான். லட்சக்கணக்கில் பார்ப்பவர்கள். தொடரிலேயே மிக மோசமான அழுகாச்சி இதுதான் என்று அவன் பட்டம் கொடுத்துவிட்டான். அதிலும் இரண்டு இடத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டினான். ஒன்று, கோணியோடு வந்து கதறும் ஆள். 'கோணி அண்ணன்' என்று பெயர் வைத்து, தமிழ் டிவி கண்டதிலேயே பெரிய ஓவர் ஆக்டிங் இதுதான் என்றான். இன்னொன்று, பிணம் அழுவது. செத்தவளுக்கும் கண்ணீர் வரவழைத்த டைரக்டருக்குச் சிலை வைக்க வேண்டும் என்றான்.

புதுச்சேரியில் நர்ஸாக இருக்கும் ஜோவிதா பதறிப்போய் போன் செய்து, அப்பா கையில் போனைக் கொடுக்காதே என்று அம்மாவிடம் சொன்னாள். அதற்குள் ஊரே பார்த்துவிட்டது. கரண்ட் போனால் கோணி அண்ணன், பரீட்சையில் ஃபெயிலானால் கோணி அண்ணன், மீன் சிக்காவிட்டால் கோணி அண்ணன் என்று அந்த அழுகை முகம் போனுக்குப் போன் பறந்தது. டிப்போவில் ஐஸ் ஏற்ற வரும் பிள்ளைகள் நெஞ்சில் அடித்துக்கொண்டு விழுந்து காட்டினார்கள். நடிகர் என்று நெஞ்சை நிமிர்த்தி நடந்த மனுஷன் சந்துவழியாக வீட்டுக்கு வர ஆரம்பித்தார். சாப்பிடும்போதும் தலை நிமிரவில்லை. அதைத்தான் சௌந்தரியால் பார்க்க முடியவில்லை. பொய்யை விட்டுவிட்டு உண்மையைச் சொன்னால் ஒரு நொடியில் கேலி நின்றுவிடும். ஆனால் அதைச் சௌந்தரி போய்ச் சொன்னால் அந்த மனுஷனைப் பொய்யன் என்று காட்டிக்கொடுத்ததாகிவிடும். சொன்னால் அவர்தான் சொல்ல வேண்டும்.

ரஞ்சித்குமார் ஊர் ஊராகப் போய்ப் பழைய சித்திரங்களைத் திரையிட்டு நிகழ்ச்சி நடத்தத் தொடங்கியிருந்தான். காரைக்காலுக்கும் வருகிறான் என்று சேதி கொண்டுவந்தவர் கேபிள் டிவி நடத்தும் சேக் அலாவுதீன், அந்தோணிமுத்துவின் பழைய சிநேகிதர். இரண்டு பேரையும் மேடையில் ஏற்ற வேண்டும் என்றார்.

"சிரிக்கிறவனுவ முன்னாடி போயி நின்னாத்தான்யா சிரிப்பு அடங்கும். ஒளிஞ்சா இன்னும் சிரிப்பானுவ."

அந்தோணிமுத்து முடியவே முடியாது என்றார். சௌந்தரி அமைதியாக ஊசியில் நூலைக் கோத்தபடி சொன்னார்.

"நீங்க வராட்டி பரவால்லங்க. நான் போறேன். பொட்டியில கெடந்தது நான்தானே."

அந்தோணிமுத்து கணக்குப் போட்டுப் பார்த்தார். இவள் தனியாகப் போனால் பட்டன் கதையை அவிழ்த்துவிடுவாளே. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் வண்டியை எடுத்து வாசலில் நிறுத்தினார்.

கல்யாண மண்டபத்தில் உட்கார இடமில்லை. கிளிஞ்சல்மேட்டு மீனவர்கள் ஒரு பக்கம், பட்டினச்சேரிக்காரர்கள் ஒரு பக்கம், காலேஜ் பிள்ளைகள் நடுவில். பெரிய திரையில் சித்திரம் ஓடியது. தெரேஸ் இருமும்போதெல்லாம் கூட்டமும் இருமியது. கோணி அண்ணன் நுழைந்தபோது விசில் மண்டபத்தைப் பிளந்தது. பிணம் அழுதபோது சிரித்துச் சிரித்துப் பிள்ளைகளுக்குப் புரையேறியது. மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்த அந்தோணிமுத்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். சௌந்தரியின் கண் மட்டும் திரையில் கழுத்துச் சுருக்கைத் தேடியது. இவ்வளவு பெரிதாக அதை அவர் பார்த்ததே இல்லை. ஒரு மடிப்புகூடப் பிசகவில்லை.

ரஞ்சித்குமார் மைக்கோடு முதலில் சௌந்தரியிடம்தான் வந்தான். பையன் ஒன்றும் கெட்டவன் இல்லை, பணிவாகவே கேட்டான். பிணம் அழுவது யாருடைய யோசனை அம்மா, டைரக்டருடையதா?

அந்தோணிமுத்து செருப்பிலிருந்து கண்ணை எடுத்து மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று சௌந்தரிக்குத் தெரியும்.

"லைட்டு சூடு, தம்பி. கண்ணு எரிஞ்சுது" என்றார்.

கூட்டம் சிரித்தது. அந்தோணிமுத்து சிரிக்கவில்லை. என் மானத்துக்காக இவள் தன் கண்ணீரையே இல்லையென்று சொல்லிவிட்டாளே என்பது அவருக்கு உறைத்துவிட்டது. அடுத்து மைக் அவர் பக்கம் திரும்பியது.

"சார், எல்லாரும் இதுக்காகத்தான் வந்திருக்காங்க. அதே மாதிரி ஒரே ஒரு தடவை அழுது காட்டுங்க. போதும்."

கைதட்டல் நிற்கவில்லை. வேறு வழியில்லாமல் எழுந்தார். கண்ணை இறுக்கி மூடினார். வாயைக் கோணினார். சைக்கிளுக்குக் காற்றடிப்பது போல ஒரு சத்தம் வந்தது, அழுகை வரவில்லை. கூட்டம் உருண்டது. நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார், விக்கல் மாதிரி ஏதோ வந்தது. கடைசியில் அன்றைக்குப் போலவே முழங்கால் போட்டு, சௌந்தரி உட்கார்ந்திருந்த நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். சௌந்தரி சிரிப்பை அடக்க முடியாமல் உதட்டை மடித்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தோணிமுத்துவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"வரலை, தம்பி."

"ஏன் சார்? அன்னிக்கு அவ்வளவு வந்துச்சே?"

"அன்னிக்கு இவ செத்துட்டான்னு நெனைச்சேன். இப்ப உசுரோட உக்காந்து என்னையே பாத்துக்கிட்டிருக்கா. எப்படி அழுவுறது?"

ரஞ்சித்குமார் மைக்கைக் கீழே இறக்கிவிட்டான். பிறகு, மேடையில் பேசும் குரலில் இல்லாமல், தம்பி அண்ணனிடம் கேட்பது போலக் கேட்டான்.

"அப்ப நீங்க நடிக்கலையா சார்?"

"எனக்கு நடிக்கத் தெரியாது, தம்பி. பொய் சொல்லிட்டேன்."

கிளிஞ்சல்மேட்டுப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "பாஸ்காவுல ஈட்டியப் புடிச்சிக்கிட்டுத் தூங்குனப்பவே எங்களுக்குத் தெரியும்ணே."

சிரிப்பு எழுந்தது, ஆனால் அது வேறு சிரிப்பு. அதில் அந்தோணிமுத்துவும் சேர்ந்துகொண்டார். சிரிப்பு ஓயும்வரை காத்திருந்துவிட்டு, காலேஜ் பிள்ளைகள் நடுவிலிருந்து ஒரு பெண் எழுந்து, வயலின் சத்தத்தில் கேட்காமல் போன அந்த வார்த்தை என்ன அங்கிள் என்று கேட்டாள்.

அவர் மைக்கை வாங்கவில்லை. முழங்காலிலிருந்து எழுந்திருக்கவும் இல்லை. மண்டபத்தை விட்டுவிட்டு மனைவியிடம் மட்டும் சொன்னார். ஆனால் அவ்வளவு அமைதியில் கடைசி வரிசைக்கும் அது கேட்டது.

"பட்டனெல்லாம் நானாத்தான் பிச்சேன், சௌந்தரி."

பெட்டிக்குள் கேட்ட அதே வார்த்தை, அதே ஐஸ் வாடை. இந்த முறை கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாயிற்று. சௌந்தரிக்கு அது போதும். ஆனால் அழுதுவிட்டால் நன்றாக இருக்காது, ஏற்கெனவே ஒரு தடவை அழுது ஊர் சிரித்தது போதும்.

"தெரியும். அதான் இத்தன வருஷமா ரெட்ட நூலு போட்டுத் தச்சிக்கிட்டிருக்கேன்."

மண்டபம் எழுந்து நின்றுவிட்டது. சௌந்தரி ரஞ்சித்குமாரைக் கைகாட்டி அழைத்து, தம்பி, நான் முன்னால் சொன்னது பொய், எனக்குக் கண் எதுவும் எரியவில்லை, இந்த மனுஷன் பட்டன் கதை சொன்னது காதில் விழுந்தது, அதனால் வந்தது என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். பையன் அந்தக் காட்சியை மறுபடியும் போடச் சொன்னான்.

மறுபடியும் போட்டார்கள். அதே லைட், அதே மழை, அதே வயலின். கோணியோடு அந்த ஆள் நுழைந்தபோது ஒரு விசில் இல்லை. அவர் குனிந்து ஏதோ முணுமுணுத்த இடத்தில் கூட்டத்திலிருந்து பல குரல்கள் வயலினுக்கு மேலே அந்த வசனத்தைச் சேர்ந்து சொல்லின. அடுத்து வலைக்கு அடியில் அந்தக் கண்ணீர் உருண்டது. பெரிய ஹீரோ திரையில் நுழையும்போது அடிப்பார்களே, அப்படி ஒரு விசில் அடித்தார்கள் அந்த ஒரு சொட்டுக்கு. சேக் அலாவுதீன் நாற்காலி மேலே ஏறி நின்று கைதட்டினார். பட்டினச்சேரிப் பெண்கள் சிரித்துக்கொண்டே மூக்கைத் துடைத்தார்கள். உலகத்தில் எந்தப் பிணத்துக்கும் இப்படியொரு வரவேற்பு கிடைத்திருக்காது.

அன்று அந்தோணிமுத்து சந்துவழியாகப் போகவில்லை. வண்டியில் மனைவியை உட்கார வைத்துக்கொண்டு, வெளிச்சம் நிறைந்த பாரதியார் சாலையில் நடுநாயகமாக ஓட்டிவந்தார். டீக்கடையில் நின்ற பிள்ளைகள் கையசைத்தார்கள். பதிலுக்கு ஹாரன் அடித்தார். கோணி அண்ணன் என்ற பெயர் போகவில்லை. அதுவே இப்போது டிப்போ வேனில் எழுதியிருக்கிறது, எழுதச் சொன்னதும் அவர்தான்.

இந்தத் தவக்காலத்தில் பாஸ்கா நாடகக் குழுவிலிருந்து வழக்கம்போல போன் வந்தது. சௌந்தரி கழுத்துச் சுருக்கு மடித்துக்கொண்டிருந்தார். வழக்கமான முதுகுவலியோ வேன் ரிப்பேரோ வரப்போகிறது என்று காதைத் தீட்டினார். வாசலில் நின்றிருந்த அந்தோணிமுத்து தெருவுக்கே கேட்கும்படி, ராஜா மாதிரி பதில் சொன்னார்.

"எனக்கு நடிக்க வராதுங்க. ஊருக்கே தெரியுமே, உங்களுக்குத் தெரியாதா?"